வானூர்தியின் ஒலியும் தோட்டத்தின் செவியும்

போரைக் கண் காண்பதற்கு முன்னரே காது கேட்டுவிடுகிறது. பண்டைத் தமிழ் வேந்தர் தம் முரசை வெறும் தோற்கருவி என்று கருதினாரல்லர். அதற்குத் தனிக் கட்டில் அமைத்துப் போற்றினர். பகைவனது முரசைக் கவர்ந்தவன் அவனுடைய வீரத்தையே கவர்ந்தவனாக எண்ணப்பட்டான். அம்முரசின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் ஆகாய விமானத்தின் இயந்திரம் பிடித்துக்கொண்டது. அந்த இயந்திரத்தின் ஓசையை இன்று இளைஞர் பலர் விளையாட்டின் பொருட்டுத் திரட்டி வருகின்றனர். அவ்வேலையின் அருமையையும் குறையையும், மலாயா நாட்டு வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு, ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

கணினித் திரையில் போர்விமானம் ஓட்டும் விளையாட்டுக்கள் உலகெங்கும் பரவியுள்ளன. 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் ஒன்றை வெளியிட்டனர். 2001இல் ருஷ்ய நாட்டிலிருந்து 'இல்-2 ஷ்டுர்மோவிக்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு வந்தது. இவற்றை ஆடுவோரில் ஒரு சாரார், நிறுவனத்தார் வைத்த ஓசைகளோடு மனநிறைவு கொள்வதில்லை. அவற்றை நீக்கிவிட்டு, தாமே தேடிப் பிடித்த ஓசைகளை அவ்விடங்களில் பொருத்துகின்றனர். இங்ஙனம் திரட்டியமைத்த கட்டுக்கு ஒலித்தொகுப்பு என்று பெயர்.

வேலை எளிதன்று. இயந்திரத்தை முடுக்கும் ஓசை வேறு. நின்றபடி உறுமும் ஓசை வேறு. முழு வேகத்தில் எழும் ஓசை வேறு. ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, முடிவும் தொடக்கமும் ஒட்டுத் தெரியாமல் இணையுமாறு செதுக்கவேண்டும். சுழற்சி கூடக் கூடச் சுருதி ஏறவேண்டும். ஓட்டுபவன் அமரும் அறைக்குள் கேட்பதற்கு ஒரு தொகுதி, வெளியே கேட்பதற்கு மற்றொரு தொகுதி. விமானம் அணுகும்போது சுருதி உயர்ந்தும் அகலும்போது தாழ்ந்தும் ஒலிக்கவேண்டும். இவ்விதியை டாப்ளர் என்னும் அறிஞர் 1842இலேயே வகுத்துரைத்தார். சக்கரம் மடங்குதல், இறக்கையின் மடல் இறங்குதல், துப்பாக்கி அதிர்தல், காற்று சீறுதல் ஆகிய யாவற்றுக்கும் தனித்தனித் துண்டுகள் வேண்டும்.

இவ்வேலையில் ஈடுபட்டோரின் நுண்மை வியக்கத்தக்கது. ஒரு சான்று கூறுவோம். 1948இல் மலாயாவில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள், முன்னைய ஸ்பிட்ஃபயர்களில் இருந்த மெர்லின் இயந்திரத்தை உடையனவல்ல; கிரிஃபன் என்னும் பெரிய இயந்திரத்தை உடையன. இரண்டும் பன்னிரண்டு சிலிண்டர் கொண்டவையாயினும் குரல் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றின் ஓசையை வைத்தால் பயின்ற காது உடனே பிழை காணும். மற்றொரு சான்று: 1941இல் மலாயாவைக் காக்க வைத்திருந்த பிரூஸ்டர் பஃபலோ விமானங்களுள் பறக்கும் நிலையில் இன்று உலகில் ஒன்றேனும் இல்லை. ருஷ்ய நாட்டு ஏரியொன்றிலிருந்து 1998இல் மீட்கப்பட்ட ஒன்று பின்லாந்துக் காட்சிசாலையில் ஊமையாய் நிற்கிறது. ஆதலின் பஃபலோவின் குரலை அமைக்க விரும்புவோர், அதே ரைட் சைக்ளோன் வகை இயந்திரம் பூண்டு இன்றும் பறக்கும் வேறு விமானங்களிடமிருந்து இரவல் வாங்கவேண்டும். இறந்த இயந்திரத்தின் குரலை உறவினன் குரலிலிருந்து ஊகித்து உயிர்ப்பிப்பது போன்றது இது. இத்தகைய உழைப்பை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வது அறிவுடைமையாகாது.

நிற்க. இவ்வளவு நுண்மையாகக் கேட்கும் இக்காது எங்கே இருக்கிறது என்று நாம் வினவவேண்டும். பெரும்பாலும் ஓட்டுபவனது ஆசனத்தில் இருக்கிறது. வெளியே வைக்கப்படுவதும் விமானத்தை வியந்து நோக்கும் காதேயன்றி, அதற்கு அஞ்சிப் பதுங்கும் காதன்று. ஆனால் வான்போர் நடந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அவ்வோசையைக் கேட்டது நிலத்திலிருந்தேயாம். கேட்டவுடன் அவர்கள் செய்தது ரசிப்பதன்று, ஓடியதே.

மேலும், போர்விமானத்தின் ஓசை யாவும் இயந்திரம் தானே எழுப்பியதென்று எண்ணுவதும் தவறு. நிலத்திலுள்ளோர் காதைக் குறிவைத்து வேண்டுமென்றே செய்யப்பட்ட ஓசைகளும் உண்டு. ஜெர்மானியரின் 'ஸ்டூக்கா' என்னும் குண்டுவீச்சு விமானத்தின் சக்கரக் கால்களில், காற்றால் சுழன்று அலறும் ஊதுகருவியைப் பொருத்தினர். அதனால் விமானத்தின் வேகம் குறைந்தது, இருந்தும் பொருத்தினர். குண்டு விழுமுன் மனம் உடையவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே, போர்விமானத்துக்கு ஓசை அமைக்கும் தொழில் கணினியோடு பிறந்ததன்று, போரோடு பிறந்தது. அத்தொழில் நடந்த களங்களுள் மலாயாவும் ஒன்று. அதிலே தமிழ்மொழிக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.

சுங்கை பூலோ என்றால் மூங்கிலாறு என்பது பொருள். கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரவாங் செல்லும் புகைவண்டிப் பாதையில் உள்ள ஊர். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரந்த சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. 1930இல் திறக்கப்பட்ட பெரிய தொழுநோயாளர் குடியிருப்பும் இங்கேதான். கோலாலம்பூரின் பழைய விமானத்தளமாகிய சுங்கை பீசி இவ்வூரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவே. 1965இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையமோ அடுத்த வீடு போன்றது. இவ்வூரையும், இதனை வடக்கேயும் மேற்கேயும் சூழ்ந்த சிலாங்கூர்த் தோட்டங்களையும் உழைப்பால் நிரப்பியவருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அவர்தம் மக்களும் ஆவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, பால்மரம் சீவி, வாளி சுமந்த அம்மக்களின் காதைத்தான் இங்குத் தோட்டத்தின் செவி என்கிறோம்.

1941ஆம் ஆண்டு அச்செவிக்கும் அவ்வாய்க்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒன்றுதிரட்டியவருள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு ஒத்த கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு என்பன அவர்கள் கோரிக்கைகள். துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியினின்று இறங்கி நிற்கவேண்டிய இழிவு நீங்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மனிதன் மனிதனாக நடத்தப்படவேண்டும் என்று தமிழில் எழுந்த குரல் அது. அரசாங்கம் அளித்த மறுமொழி யாது? மே மாதத்தில் நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அவ்வாண்டு முடியுமுன் வேறு குரல் வானில் எழுந்தது. டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். டிசம்பர் 11இல் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகர்மீது அவர்தம் விமானங்கள் வந்தபோது, மக்கள் ஒளிந்தாரல்லர். வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடினர். போர்விமானத்தின் ஓசை அவர்கள் காதுக்குப் புதிது. அதன் பொருள் குண்டு என்பதை அன்று முற்பகலில் அவர்கள் கற்றுக்கொண்டனர். கற்ற விலை எண்ணிறந்த உயிர்கள். டிசம்பர் 22இல் கோலாலம்பூருக்கு மேலேயே ஆஸ்திரேலியர் ஓட்டிய பஃபலோக்களும் ஜப்பானிய விமானங்களும் மோதின, பஃபலோக்கள் தோற்றன. 1942 ஜனவரி 11இல் நகரம் வீழ்ந்தது. அதன் பின்னர் வந்த மூன்றரை ஆண்டுகளையும், சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மீளாத தோட்டத் தமிழரையும் விரிப்பின் தனி நூலாகும். ஒன்று மட்டும் கூறுவோம்: விமானத்தின் வகையைச் சிலிண்டர் எண்ணி அறியாத மக்கள், அது நம்மை நோக்கி வருகிறதா, கடந்து போகிறதா என்பதைச் சுருதியாலேயே அறியலாயினர். டாப்ளர் வகுத்த விதியை அவர்கள் வாய்க்காலில் படுத்துக் கற்றனர்.

போர் முடிந்தும் வானம் அமைதியடையவில்லை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. 1948 ஜூலையிலேயே ஸ்பிட்ஃபயர்கள் சுங்கை பீசியிலிருந்து எழுந்து காடுகளைத் தாக்கின. 1950இல் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர்ந்தன. நிலத்திலோ, ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் கம்பி வேலியிட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களும் வேலிக்குள் ஒருங்கே கூட்டப்பட்டன. கட்டுப்பாடு கடுமையாயிருந்த இடங்களில், காட்டிலுள்ளோருக்குப் போய்ச் சேரும் என்று அஞ்சி, தொழிலாளி வேலைக்குச் சோறு கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி இருபுறமும் நெருக்குண்டான். கொரில்லாக்கள் பால்மரங்களை வெட்டிச் சிதைத்து அவன் பிழைப்பைக் கெடுத்தனர். உளவாளி என்று ஐயுற்றவரைக் கொன்றனர். அரசாங்கமோ தொழிற்சங்கக் குரலை நசுக்கிற்று. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக, 1949 மே 4இல் கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் மறுத்துரைத்தும் பயனில்லை.

இந்நிலையில்தான் 'குரல் விமானம்' வந்தது. விமானத்தில் ஒலிபெருக்கி கட்டி வானிலிருந்து பேசும் வழக்கத்தை ஆங்கிலேயர் 1932இலேயே ஈராக்கின் குர்து மலைநாட்டில் தொடங்கியிருந்தனர். மலாயாவில் உயர் ஆணையராயிருந்த ஜெனரல் டெம்ப்ளர், 1952இன் பிற்பகுதியில் ஒலிபெருக்கி பூண்ட டக்கோட்டா விமானமொன்றை அமெரிக்கரிடம் இரவலாகப் பெற்றுச் சோதித்தார். பயன் கண்டதும், இங்கேயே விமானங்களில் அக்கருவிகள் பொருத்தப்பட்டன. கோலாலம்பூரில் 1954இல் மீண்டும் அமைந்த 267ஆம் விமானப்பிரிவில் இவ்விமானங்கள் பணிசெய்தன. 1958 நவம்பரில் அப்பிரிவு 209 என்னும் எண்ணைப் பெற்றது.

இங்கே எழுந்த இடர்ப்பாடு, இன்றைய ஒலித்தொகுப்பாளருக்கு நன்கு விளங்கும். முதலில் வலெட்டா விமானங்களில் ஒலிபெருக்கியைப் பொருத்தியபோது, அவற்றின் இயந்திர இரைச்சலே பேச்சை விழுங்கிவிட்டது. ஆகவே மெதுவாகவும் அடக்கமாகவும் பறக்கும் டக்கோட்டாவை நாடினர். சிறிய ஆஸ்டர் விமானத்தையும் பயன்படுத்தினர். பேச்சை நாடாவில் முன்னரே பதிந்து வைத்துக்கொண்டனர். விமானம் ஓடிக்கொண்டே இருப்பதால், நிலத்தில் ஓரிடத்தில் நிற்பவன் காதில் சிறிது நேரமே பேச்சு விழும். எனவே செய்தியை அரை நிமிட அளவினதாகச் சுருக்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்தனர். ஓசையைத் தேர்ந்து, வெட்டிச் சுருக்கி, இயந்திர இரைச்சலோடு இணக்கி, சுழலவிடுதல் என்னும் இத்தொழிலுக்கும் இன்றைய விளையாட்டுத் தொகுப்புக்கும் முறையில் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது.

செய்திகள் சீனத்தின் பல கிளைமொழிகளிலும் மலாயிலும் தமிழிலும் தயாராயின. சரணடைந்தால் நன்றாக நடத்தப்படுவீர் என்பது அவற்றின் சாரம். சில வேளை, சரணடைந்தவனின் சொந்தக் குரலையே பதிந்து, காட்டில் எஞ்சிய தோழரைப் பெயர் சொல்லி அழைக்கச் செய்தனர். காட்டின் இருளில் பசியோடு பதுங்கியிருப்பவன், நேற்றுவரை தன்னோடு உண்டவன் குரல் வானத்திலிருந்து தன் பெயரைக் கூறக் கேட்டால் அவன் மனம் என்னாகும் என்பதை நாம் விவரிக்கவேண்டுவதில்லை. 1955 செப்டம்பரில் துங்கு அப்துல் ரகுமான் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, துண்டுத்தாள்களும் குரல் விமானங்களும் அதனைக் காடெங்கும் பரப்பின. குண்டைக் காட்டிலும் சொல் வலிது என்பதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டதற்கு இஃது அடையாளம். குண்டால் மாயவிருந்த சிலர் சொல்லால் பிழைத்தனர் எனின், அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

தமிழ் அறிந்தோர் இங்கே ஒன்றை நினைக்கலாம். பெரும் இரைச்சலினூடே பேச்சு வரும்போது முதலில் அழிவன மெய்யெழுத்துக்களின் ஒலிகள். நெடில் உயிர்களோ நீடித்து நிற்கும். உயிர் நிற்க மெய் கரையும். ஆகவே வானிலிருந்து பேசுவோர் சொற்களை இழுத்து, இடைவெளி விட்டு, எளியவற்றைத் தேர்ந்து பேசவேண்டும். கற்றோர் மேடைத் தமிழ் அங்கே செல்லாது. தோட்டத்து மக்கள் ஒருவரையொருவர் நிரைக்கு நிரை கூவி அழைக்கும் தமிழே அங்கே செல்லும். பண்டிதர் இகழ்ந்த பேச்சுக்கு வந்த பெருமையைப் பாரீர்!

ஆயின் இதிலுள்ள முரண்பாட்டையும் காணவேண்டும். 1941இல் தொழிலாளி தமிழில் பேசினான். நாடு கடத்தலும் துப்பாக்கியும் பதிலாக வந்தன. 1949இல் தொழிற்சங்கத் தலைவர் தூக்குக்கயிற்றில் மாண்டார். நான்கைந்து ஆண்டுகளில் அதே அரசாங்கம், அதே தமிழை ஒலிநாடாவில் பதிந்து, விமானத்தில் ஏற்றி, வானிலிருந்து பேசலாயிற்று. கீழிருந்து மேலே சென்ற தமிழ் குற்றமாயிற்று. மேலிருந்து கீழே வந்த தமிழ் கொள்கையாயிற்று. மொழி ஒன்றே. ஒலிபெருக்கி யார் கையில் என்பதே வேறுபாடு. இவ்வொரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொண்டால், அக்காலத்து வரலாற்றில் பாதியை அறிந்ததாகும்.

இப்போது ஒலித்தொகுப்புக்குத் திரும்புவோம். விளையாட்டு விளையாட்டுத்தானே, அதில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். போர் எப்படி ஒலித்தது என்பதை இன்றைய தலைமுறை பள்ளி நூலில் கற்கவில்லை. திரைப்படத்திலும் இத்தகைய விளையாட்டிலுமே கற்கிறது. அங்கே கேட்பது இயந்திரத்தின் உண்மைக் குரல். ஆனால் முழு உண்மையன்று. கிரிஃபனுக்கு மெர்லினின் ஓசையை வைத்தால் பிழையென்று சீறும் காது, லயத்து வாசலில் பிள்ளையை இழுத்து அணைத்த தாயின் மௌனம் அங்கே இல்லாததைப் பிழையாகக் கருதுவதில்லை. இதற்கு அவ்விளைஞரை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. இயந்திரத்தின் ஓசையைப் போற்றிக் காக்கக் காட்சிசாலைகளும் சங்கங்களும் ஏராளம். தோட்டத்தின் செவி கேட்டதைக் காக்க நம்மவர் செய்த முயற்சி அதற்கு ஈடாகுமா? சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்கென ஒரு நிலையமே தொடங்கினர். அத்தகைய உழைப்பு ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடந்திருக்கவேண்டும்.

காலமோ காத்திராது. 1952இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர். சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று குவாசா டமான்சாரா என்னும் புதுநகர் எழுகிறது. 2016 டிசம்பரில் அவ்வழியே விரைவு இரயிலும் ஓடத் தொடங்கியது. சுங்கை பீசி விமானத்தளமும் 2018இல் மூடப்பட்டது. மரமும் போயிற்று, தளமும் போயிற்று. எஞ்சியிருப்பது சில முதியோரின் நினைவு மட்டுமே.

ஆதலின் நம் இளைஞருக்கு ஒன்று கூறுவோம். இயந்திர ஓசையைப் பிடிக்க வாங்கிய அதே ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் வாழ்ந்த ஒரு முதியவர் முன் அமருங்கள். விமானம் வந்தால் எங்கே ஒளிந்தீர்கள்? எந்த ஓசைக்கு ஓடினீர்கள், எந்த ஓசைக்கு ஓடவில்லை? வானிலிருந்து பேசிய குரலைக் கேட்டதுண்டா? எம்மொழியில் பேசிற்று? அதைக் கேட்டுப் பெரியவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டனர்? இவ்வாறு பொறுமையாகக் கேளுங்கள். இடையில் பேசாதீர்கள். அவர் மறந்ததை நீங்கள் நிரப்பாதீர்கள். தேதியையும் ஊரையும் குறித்து வையுங்கள். இசைவு பெற்றே வெளியிடுங்கள். இவற்றை விளையாட்டில் மலிவான அலறலாகச் சேர்க்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. தொகுப்போடு தொகுப்பாக, இது மேலிருந்து கேட்டது, இது கீழிருந்து கேட்டது என்று இரண்டும் நின்றால் போதும்.

வேந்தனது முரசுக்குக் கட்டிலிட்டுப் போற்றியவர் நம் முன்னோர். அம்முரசு கேட்டு நடுங்கிய குடியானவனின் நெஞ்சத் துடிப்பை அவர்கள் குறித்து வைக்கவில்லை. அக்குறையை அவர்கள் தலைமேல் சுமத்தி நாம் தப்பிவிட முடியாது. அவர்களிடம் ஒலியைப் பதியும் கருவி இல்லை; நம்மிடம் ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது.